சொட்டு விழும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும்

பழைய போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு டிக்கியைத் திறந்து கூலன்ட் அளவைப் பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடுகிறது. போன வாரம் மேல்கோட்டைத் தொட்டு நின்ற திரவம் இந்த வாரம் அரை விரற்கடை இறங்கியிருக்கிறது. குனிந்து அடியில் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கிறது. வெப்பமானியின் முள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. வண்டி ஓட்டத்திலும் குறை தெரியவில்லை. ஆனால் திரவம் குறைந்திருக்கிறது.

மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் திரவம் குறைகிறது என்றால் அது போக மூன்று வழிகள்தான் உண்டு. வெளியே கசியலாம், எஞ்சின் சிலிண்டருக்குள் புகுந்து ஆவியாகிப் புகைக்குழாய் வழியே போகலாம், ஆயிலோடு கலக்கலாம். முதல் வழி சில ஆயிரங்களில் தீரும். மற்ற இரண்டும் எஞ்சினையே இறக்கவைக்கலாம். ஆகவே, கசிவைத் தேடுகிறவர் முதலில் விடை காண வேண்டியது ‘எங்கே’ என்ற கேள்விக்கு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ ‘எப்போது’ என்பதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. குளிர்ந்து நிற்கும்போதா, சூடேறும்போதா, ஓடும்போதா, நிறுத்திய பின்பா? ஒரே குழாய், ஒரே திரவம்தான். ஆனால் இந்த நான்கு நிலைகளிலும் அழுத்தம் வேறு, வெப்பம் வேறு, உலோகத்தின் நீளம்கூட வேறு.

கசிவு தேட இதைவிட வம்பான கார் குறைவு என்பதால்தான் பாக்ஸ்டரை எடுத்துக்கொண்டேன். 1996-ல் வந்து 2004 வரை தயாரான முதல் தலைமுறைக்கு நிறுவனத்தின் உள் எண் 986. இரண்டு இருக்கை, துணிக்கூரை. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் படுத்திருக்கிறது. முன் பானெட்டைத் தூக்கினால் பெட்டி வைக்கும் இடம். பின்னால் திறந்தால் அங்கேயும் பெட்டி வைக்கும் இடம். ஆயில் ஊற்றவும் கூலன்ட் ஊற்றவும் இரண்டு மூடிகள் மட்டும் டிக்கியின் ஓரத்தில் தலைகாட்டும். எஞ்சின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தடுப்பைக் கழற்ற வேண்டும், அல்லது துணிக்கூரையைப் பாதி மடக்கி நிறுத்தி மேல்மூடியை எடுக்க வேண்டும், அல்லது வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் நிற்க வேண்டும்.

எஞ்சின் நடுவில் இருக்கிறது என்றால் ரேடியேட்டர் எங்கே? காற்று நேராக வந்து மோதுகிற மூக்கில், முன்சக்கரங்களுக்கு முன்னால், இடமும் வலமுமாக இரண்டு. எஞ்சினில் சூடான திரவம் வண்டியின் அடிவயிறு நெடுகக் குழாயில் முன்னால் போய், ஆறி, மறுபடி பின்னால் வர வேண்டும். சாதாரணச் சிறிய காருக்கு ஐந்தாறு லிட்டர் கூலன்ட் போதும். இதற்குப் பதினைந்து லிட்டருக்கும் மேல். குழாய் நீண்டால் இணைப்புகள் கூடும். இணைப்பு கூடினால் சந்தேகப் பட்டியலும் கூடும்.

வேடிக்கை என்னவென்றால், பின்னால் எஞ்சின் வைத்த போர்ஷேக்களுக்கு அரை நூற்றாண்டு காலம் இந்தத் தலைவலியே கிடையாது. 1948-ல் வந்த 356-உம், 1960-களில் வந்த 911-உம் காற்றால் குளிர்ந்தவை. ஒரு பெரிய விசிறி, சிலிண்டரைச் சுற்றி உலோகத் தகடுகள், அவ்வளவுதான். கொதிக்கத் தண்ணீர் இல்லை, உறையவும் இல்லை, ஒழுகவும் இல்லை. (ஒழுகுவதற்கு ஆயில் இருந்தது, அது தாராளமாக ஒழுகியது என்பது வேறு கதை.) முன்னால் எஞ்சின் வைத்த 924, 928 ஆகியவற்றில் நீர்க்குளிர்ச்சி 1970-களிலேயே வந்துவிட்டது. ஆனால் 911 மட்டும் 1998 வரை காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. புகைக் கட்டுப்பாடும் சத்தக் கட்டுப்பாடும் இறுகின. சிலிண்டருக்கு நான்கு வால்வு என்று ஆனபோது, நெருக்கமான அந்த இடத்தில் காற்றை நுழைத்துச் சூட்டை எடுப்பது நடக்காத காரியமாயிற்று. நீருக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தின் முதல் பிள்ளை பாக்ஸ்டர்.

நீர் ஏன் இவ்வளவு நல்ல சுமைதூக்கி? ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,180 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு ஒன்றேகால் ஜூல்கூட வேண்டாம். ஒரே கொள்ளளவில் நீர் காற்றைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைத் தூக்கிச் செல்லும் என்று பொருள். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்த உதவுகிறது, ஒரு பங்கு புகையோடு போகிறது, மீதிப் பங்கைக் கூலன்ட்தான் சுமக்க வேண்டும் என்பது எஞ்சின் பொறியாளர்களின் தோராயக் கணக்கு. எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். நடுவில் நின்று காப்பது சில மில்லிமீட்டர் உலோகமும் அதன் மறுபக்கம் நிற்காமல் ஓடும் திரவமும்தான்.

அந்தத் திரவம் கொதிக்கக் கூடாது. கொதித்தால் உலோகச் சுவரில் ஆவிப்படலம் ஒட்டிக்கொள்ளும். ஆவி வெப்பத்தை வாங்காது. அந்த இடம் தனியாகச் சூடேறி சிலிண்டர் ஹெட் வளையும், விரிசல் விடும். கொதிநிலையைத் தள்ளிப்போட இரண்டு வழி கையாள்கிறார்கள். ஒன்று எத்திலின் கிளைக்கால். பாதி நீர், பாதி கிளைக்கால் என்று கலந்தால் கொதிநிலை 107, 108 டிகிரிக்கு உயர்கிறது. உறைநிலை மைனஸ் 37-க்குக் கீழே போகிறது. (பாக்ஸ்டர்களில் பெரும்பகுதி பின்லாந்தின் ஊசிகௌபுங்கி என்ற ஊரில் ஒப்பந்தத்துக்குத் தயாரானவை. பிறந்த ஊரின் குளிரைத் தாங்கவே இது வேண்டும்.) இரண்டாவது வழி அழுத்தம். நம் வீட்டு குக்கரில் குண்டு உட்கார்ந்திருப்பதுபோல, கூலன்ட் தொட்டியின் மூடிக்குள் சுருள்வில்லால் அழுத்தப்பட்ட ஒரு வால்வு உட்கார்ந்திருக்கிறது. வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தம் இருந்தாலே வெறும் நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும்; கலவை 130-ஐ நெருங்கும்.

கசிவுத் தேடலின் சிக்கல் முழுவதும் இந்த அழுத்தத்தில் தொடங்குகிறது. குளிர்ந்து நிற்கும் காரில் குழாய்க்குள் அழுத்தமே இல்லை; மயிரிழை விரிசல் இருந்தாலும் திரவத்துக்கு வெளியே வரப் போதிய விசை கிடையாது. ஓடும்போது அதே விரிசல் வழியாகத் திரவம் பீறிடும். ஆனால் அது பீறிடும் இடத்தைச் சுற்றி நூறு டிகிரி உலோகம். விழுந்த நொடியில் நீர் ஆவியாகிவிடும், மிச்சத்தைக் காற்று அடித்துக்கொண்டு போகும். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பதற்குள் அழுத்தம் தணிந்து கசிவும் நின்றிருக்கும். தரை காய்ந்து கிடப்பதன் மர்மம் இதுதான்.

இதற்கு நேர்மாறான கசிவும் உண்டு. ஓடும்போது ஒன்றும் இருக்காது. குளிர்காலக் காலையில் பார்த்தால் அடியில் ஈரம். ரப்பர் ஹோஸ், அதற்குள் அலுமினியக் குழாய், மேலே எஃகுக் கிளாம்ப். மூன்றும் மூன்று அளவில் சுருங்குபவை. அலுமினியம் எஃகைப்போல் இரண்டு மடங்கு விரியும், சுருங்கும். பல ஆண்டுகள் சூட்டில் நசுங்கிக் கிடந்த ரப்பருக்கோ மீண்டு எழும் குணமே போய்விட்டிருக்கும். இரவில் எல்லாம் சுருங்கும்போது நடுவே ஒரு முடி நுழையும் இடைவெளி வரும். திரவத்தின் எடையே அதை வெளியே தள்ளும். காலையில் எஞ்சின் சூடேறியதும் எல்லாம் விரிந்து அடைபட்டுவிடும். திருகி முறுக்கும் வளையக் கிளாம்ப் முறுக்கிய அளவிலேயே நிற்கும். ரப்பர் இளைத்தால் கூடவே இறுகத் தெரியாது. லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1921-ல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. இன்றும் ஏறக்குறைய அப்படியே விற்கிறது. சுருள்வில் எஃகால் ஆன கிளாம்ப் அப்படியல்ல, ஹோஸ் இளைக்க இளைக்கத் தானும் நெருக்கும். பார்க்க மலிவாகத் தெரிகிறதென்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருகுக் கிளாம்ப் போடுகிற மெக்கானிக்குகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வரும்.

சொட்டின் கணக்கையும் பார்த்துவிடுவோம். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 18 மில்லி. பன்னிரண்டு மணி நேரத்தில் 200 மில்லிக்கு மேல். அதே அளவு அங்குலம் அங்குலமாகச் சூடான தகட்டில் பரவினால் கண்ணுக்கு ஒன்றும் படாது. ஆனால் ஒரு தடயம் மிஞ்சும். கூலன்ட்டில் நீரும் கிளைக்காலும் மட்டும் இல்லை; துரு தடுக்கும் உப்புகளும் சாயமும் கரைந்திருக்கின்றன. நீர் போய்விடும், 197 டிகிரியில் கொதிக்கும் கிளைக்கால் மெதுவாகப் போகும், உப்பும் சாயமும் எங்கும் போகாது. அவை வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, பச்சையாகவோ பொருக்குத் தட்டி நிற்கும். கிளாம்புக்கு அடியில் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரு கோடு தெரிந்தால், இப்போது காய்ந்திருந்தாலும் அது கசிந்த இடம். கைப்பிடியுள்ள சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு பொருக்கு தேடுவதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மூக்கும் உதவும்: கசியும் கூலன்ட் சூட்டில் ஒருவித இனிப்பு வாடை அடிக்கும். உட்புறக் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான மூட்டம் படிந்தால், ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர் கசிகிறது என்று அர்த்தம்.

பாக்ஸ்டரில் நான் முதலில் சந்தேகப்படுவது டிக்கி ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியைத்தான். இருபது ஆண்டுகளாகத் தினமும் சூடாகி ஆறிய பிளாஸ்டிக், ஒவ்வொரு முறையும் உள்ளே அழுத்தம் ஏறி இறங்கிய பிளாஸ்டிக். கார்களின் கூலன்ட் பாகங்களில் பரவலாகப் பயன்படும் பாலிஅமைடு, அதாவது நைலான் வகைப் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைச் சூடான நீரும் கிளைக்காலும் கண்ணி கண்ணியாக அறுக்கின்றன. சங்கிலி குட்டையாகக் குட்டையாகப் பொருள் மொறுமொறுப்பாகும். வளைய வேண்டிய இடத்தில் விரியும். தொட்டியின் விரிசல் பெரும்பாலும் நாம் பார்க்கும் பக்கத்தில் வருவதில்லை, எஞ்சின் பக்கம் திரும்பிய முதுகில்தான் வரும். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி விரலால் தொட்டால் ஈரம். அல்லது ஈரம்கூட இல்லாமல் வாடை மட்டும்.

தொட்டி தப்பித்தால் அடுத்தது அதன் மூடி. இதை அலட்சியமாக விடுகிறவர்கள் அதிகம். குளிர்ந்த கூலன்ட் சூடேறும்போது ஏறத்தாழ நான்கு சதவீதம் பருக்கிறது. பதினைந்து லிட்டருக்கு 600 மில்லி. தொட்டியின் மேற்பகுதியில் விட்டுவைத்த காற்றுத்தான் நசுங்கி இதற்கு இடம் தருகிறது. மூடியின் வால்வு குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழேயே திறந்துகொண்டால், ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தை வெளியே விட்டுவிடும். கொதிநிலையும் இறங்கும். போர்ஷேயே இந்த மூடியைப் பலமுறை திருத்தியது. பாக எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 04 என்று இருந்தால் அது பின்னால் வந்த, சரிசெய்யப்பட்ட மூடி. பழைய எண் கொண்ட மூடியோடு ஒரு பாக்ஸ்டர் வந்தால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதை மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மொத்த வண்டியிலேயே விலை குறைந்த பாகங்களில் அது ஒன்று. ஒரு எச்சரிக்கை: சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், அழுத்தம் போன அந்தக் கணத்திலேயே 100 டிகிரியைத் தாண்டிய திரவம் குபீரென்று கொதித்து முகத்தில் அடிக்கும்.

முன்பக்க ரேடியேட்டர்களின் எதிரி சருகு. பம்பரின் திறப்புகள் வழியே உள்ளே போகும் இலைகள், ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் முன்னால் நிற்கும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விழுந்து தங்கிவிடுகின்றன. மழையில் நனைந்து, அழுகி, சாலை உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டு மெல்லிய அலுமினியத்தைத் தின்கின்றன. வெளியே நின்று பார்த்தால் தெரியாது, பம்பரைக் கழற்றினால்தான் தெரியும். ஐரோப்பாவில் இலையுதிர்காலம் கடந்த பழைய பாக்ஸ்டரில் பம்பரைக் கழற்றினால் கைப்பிடி கைப்பிடியாக மட்கு வரும்.

வாட்டர் பம்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதில் ஒழுகுவதற்கென்றே ஒரு துளை போட்டிருக்கிறார்கள். பம்பின் தண்டு ஒரு முனையில் பெல்ட்டால் சுழல்கிறது. மறுமுனையில் கூலன்ட்டுக்குள் இருக்கும் இறக்கையைச் சுழற்றுகிறது. திரவம் ஒரு பக்கம், கிரீஸ் போட்ட பேரிங் மறுபக்கம். நடுவே ஒரு சீல்: கார்பன் வளையம் ஒன்று, பீங்கான் போன்ற கடினப் பொருளால் ஆன வளையம் ஒன்று, இரண்டின் முகங்களும் கண்ணாடிபோல் தேய்க்கப்பட்டு ஒன்றை ஒன்று உரசிச் சுழலும். உரசும் முகங்களுக்கு நடுவே மயிரிழையிலும் மெல்லிய கூலன்ட் படலம் இருந்தால்தான் அவை எரியாமல் ஓடும். அப்படியானால் அதில் ஒரு துளி மறுபக்கம் வந்துகொண்டேதான் இருக்கும். அந்தத் துளி பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கெடுக்காமல் இருக்க, சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே பம்பின் உடலில் கீழ்நோக்கி ஒரு சிறு துளை. அதன் வாயில் லேசான கறை இருந்தால் பம்ப் ஆரோக்கியமாக இருக்கிறது. ஈரக்கோடு வழிந்திருந்தால் சீல் தேய்ந்துவிட்டது. சொட்டினால், பேரிங்கும் சேர்ந்து ஆடத் தொடங்கியிருக்கும். துளையை எம்-சீல் வைத்து அடைத்துக் கசிவை நிறுத்திவிட்டதாக நினைப்பவர் பேரிங்கைக் கொல்கிறார்.

பாக்ஸ்டரில் பம்ப் எஞ்சினின் முன்முகத்தில், அதாவது இருக்கைகளின் முதுகுப்பக்கம் இருக்கிறது. அங்கே சொட்டும் கூலன்ட் எஞ்சின் அடியில் ஓடி, ஓட்டக் காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கியர்பாக்ஸ் ஓரத்தில் சொட்டும். அடியில் படுத்துப் பார்க்கிறவர் கியர்பாக்ஸ் அருகே இருக்கும் ஏதாவது ஒரு அப்பாவி ஹோஸை மாற்றிவிட்டு எழுந்து வருவார். பம்பின் இறக்கை இந்த எஞ்சினில் பிளாஸ்டிக். பேரிங் ஆட்டம் கண்டால் இறக்கை உடைந்து துண்டுகள் குழாய்க்குள் போகும் என்று உலோக இறக்கை பொருத்துகிறவர்கள் ஒரு கட்சி. பேரிங் ஆடும்போது உலோக இறக்கை எஞ்சின் பிளாக்கின் அலுமினியச் சுவரையே சுரண்டிவிடும், பிளாஸ்டிக் என்றால் தான் மட்டும் தேயும் என்பவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. பம்ப் விலைக்கும் பிளாக் விலைக்கும் உள்ள தூரம் அப்படி.

ஹோஸ்களின் நோய் வெளியே தெரியாதது. ரப்பருக்கு வலு சேர்க்கக் கரித்தூள் கலக்கிறார்கள். கரி மின்சாரம் கடத்தும். உலோக முனை, கூலன்ட், கரி கலந்த ரப்பர் மூன்றும் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. பலவீனமான அந்த மின்னோட்டம் ஹோஸின் உட்சுவரில் நுண்ணிய கோடுகளாக விரிசலைத் தொடங்கி வைக்கிறது, அதுவும் உலோகத்தைத் தொடும் இரு முனைகளுக்கு அருகே. வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸ் உள்ளே கிழிந்திருக்கும். சோதனை எளிது: வண்டி குளிர்ந்திருக்கும்போது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முனையருகே அமுக்கிப் பாருங்கள், பிறகு நடுப்பகுதியை அமுக்கிப் பாருங்கள். முனை மெத்தென்று அமுங்கி, உள்ளே பிளவுகள் நெருடினால் அதன் காலம் முடிந்தது.

சந்தேகப் பட்டியல் இப்படி நீண்டுவிட்டால் குற்றவாளியைப் பிடிக்க ஒழுங்கான சோதனை வேண்டும். முதலில் கழுவுதல். அடிப்பகுதியைச் சுத்தமாகக் கழுவி உலர்த்தாமல் தேடத் தொடங்குவது வீண். பழைய கறை எல்லாம் புதிய கசிவு போலத் தெரியும். அடுத்து அழுத்தச் சோதனை. மூடியை எடுத்துவிட்டு, அதே மரையில் பொருந்தும் கைப்பம்பை மாட்டி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை அடிக்க வேண்டும். சூடு இல்லாமலே ஓடும் எஞ்சினின் அழுத்தம் கிடைத்துவிடுகிறது; நூறு டிகிரி உலோகம் இல்லாததால் வெளிவரும் சொட்டு ஆவியாகாமல் நிற்கிறது. மானியின் முள் இறங்கினால் எங்கோ போகிறது. காதைக் கிட்டே வைத்தால் சில சமயம் சீறலே கேட்கும். முள் அசையாமல் நின்றால் அதுவும் ஒரு செய்திதான்: இந்தக் கசிவுக்குச் சூடோ, கடுங்குளிரோ, எஞ்சினின் அதிர்வோ தேவைப்படுகிறது. அப்போது அழுத்தத்தை ஏற்றி வைத்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விட்டு, குளிர்ந்த காலையில் பார்ப்பவர்கள் உண்டு.

அதற்கும் சிக்காத கசிவுக்குச் சாயம். புறஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கூலன்ட்டில் கலந்து, சில நாள் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, இருட்டில் விளக்கடித்துப் பார்ப்பது. எங்கே வெளியே வந்ததோ அங்கே எலுமிச்சைப் பச்சையாகப் பளீரென்று தெரியும். வழிந்த பாதை முழுவதும் கோடாகத் தெரியும் என்பதால் சொட்டு விழுந்த இடத்திலிருந்து மேல்நோக்கிப் பின்தொடர்ந்து மூலத்தை எட்டலாம். இத்தகைய சாயங்களின் மூதாதையான ஃபுளோரசீனை 1871-ல் முதன்முதல் செய்தவர் அடால்ஃப் ஃபான் பேயர். பின்னாளில் 1905-ல் வேதியியல் நோபல் பெற்றவர். அவர் அதைச் செய்து ஆறே ஆண்டில் அது ஒரு கசிவுத் தேடலில் புகழ்பெற்றது. கசிந்தது ஓர் ஆறு.

போர்ஷேயின் ஊரான ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, இம்மெண்டிங்கன் என்ற சிற்றூர் அருகே டான்யூப் ஆறு கோடையில் படுகையோடு காணாமல் போகும். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் நீர் இறங்கிவிடுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் என்ற இடத்தில் ஒரு பெரிய ஊற்று பொங்குகிறது. இரண்டும் ஒரே நீரா? டான்யூப் கரையில் ஆலை வைத்திருந்தவர்கள் வெடிப்பை அடைக்க வேண்டும் என்றார்கள். ஊற்று நீரை நம்பி ஆலை வைத்திருந்தவர்கள் அடைக்கக் கூடாது என்றார்கள். 1877-ல் புவியியலாளர் அடால்ஃப் க்னோப் பத்து கிலோ ஃபுளோரசீன் சாயத்தையும், இருபது டன் அளவில் உப்பையும் ஆறு மறையும் இடத்தில் கொட்டவைத்தார். சுமார் அறுபது மணி நேரம் கழித்து ஆஹ் ஊற்று பச்சையாக, உப்புக் கரிக்கப் பொங்கியது. கருங்கடலுக்குப் போக வேண்டிய டான்யூபின் நீர் பாறைக்குள் கசிந்து, ரைன் ஆற்றில் சேர்ந்து, வடகடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாக்ஸ்டரின் பம்பில் தொடங்கிக் கியர்பாக்ஸ் ஓரத்தில் சொட்டுவதைவிட நீண்ட பாதை; தேடும் முறை ஒன்றே.

வெளியே எங்கும் சாயம் இல்லை, அழுத்தச் சோதனையும் ஒன்றும் சொல்லவில்லை, அளவு மட்டும் குறைகிறது என்றால் உள்ளே பார்க்கத்தான் வேண்டும். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயுவின் அழுத்தம் கூலன்ட்டுக்குள் புகும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஒரு நிமிடத்துக்குள்ளேயே ஹோஸ்கள் கல்போல் இறுகினால் அது வெப்பத்தால் வந்த அழுத்தமாக இருக்க முடியாது, திரவம் இன்னும் சூடாகவே இல்லையே. இதை உறுதிசெய்ய ஒரு அழகான வேதியியல் சோதனை உண்டு. கண்ணாடிக் குழலில் ப்ரோமோதைமால் ப்ளூ என்ற நீலக் கரைசலை ஊற்றி, அதைத் தொட்டியின் வாயில் பொருத்தி, தொட்டிக்குள் உள்ள காற்றைக் கரைசலுக்குள் குமிழிகளாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து கார்பானிக் அமிலமாகும். கரைசல் நீலத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாகும். பி.எச். 7.6-க்கும் 6.0-க்கும் இடையிலான மாற்றம் அது. கவனம், நம் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடே இதை மஞ்சளாக்கப் போதும். பக்கத்தில் இன்னொரு வண்டி புகை விட்டுக்கொண்டிருந்தால் நல்ல எஞ்சினுக்கும் மரண தண்டனை கிடைத்துவிடும்.

எந்தச் சிலிண்டர் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியே மெல்லிய கேமராவை விட்டால் பிஸ்டன்களின் தலை தெரியும். ஐந்து பிஸ்டன்கள் கரி படிந்து கறுத்திருக்கும். ஆறாவது மட்டும் தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி மின்னினால், கூலன்ட் அங்கேதான் போகிறது. உள்ளே கசிந்த நீர் ஒவ்வொரு வெடிப்பிலும் ஆவியாகி அந்தக் கரியைக் கழுவிவிடுகிறது.

தொட்டிக்குள் பழுப்பு நிறத்தில் கஞ்சிபோல் கொழகொழவென்று மிதந்தால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிட்டன. இதைக் கண்டதும் எஞ்சின் போயிற்று என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. இந்த எஞ்சினின் மேற்பகுதியில் ஆயிலின் சூட்டைக் கூலன்ட்டுக்கு மாற்றும் சிறு வெப்பமாற்றி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு தகடு ஓட்டையானாலும் இதே கஞ்சிதான் வரும். அதைத் தனியாகக் கழற்றிக் காற்றடித்துச் சோதித்த பிறகே ஹெட்டைத் தூக்குவதைப் பற்றிப் பேச வேண்டும். ஹெட்டில் விரிசல் விடுகிற கெட்ட பெயரும் இந்த எஞ்சினுக்கு உண்டு என்பதால் மெக்கானிக்குகள் நேராக அங்கே தாவிவிடுகிறார்கள்.

பழுது பார்த்தபின் மறுபடி நிரப்புவதும் ஒரு கலை. நீண்ட குழாய்களின் மேடுகளில் காற்று அடைபட்டால் பம்ப் காற்றைச் சுற்றுமே தவிரத் திரவத்தைத் தள்ளாது. பட்டறைகள் முதலில் வெற்றிடம் இழுக்கும் கருவியை மாட்டிக் காலிக் குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கின்றன. பிறகு வால்வைத் திருப்பினால் கூலன்ட் தானாக உள்ளே பாய்ந்து மூலை முடுக்கெல்லாம் நிறையும். வெற்றிடம் சில நிமிடம் குறையாமல் நின்றால் பழுது சரியாகிவிட்டது என்பதற்கும் அதுவே சான்று. கருவி இல்லாதவர்களுக்கு, மூடியின் அருகே மெல்லிய கம்பி வளையம் ஒன்றை நிமிர்த்தினால் திறக்கும் காற்று வால்வு இருக்கிறது. அதைத் திறந்து வைத்துப் பொறுமையாக ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, இறங்கிய அளவுக்கு மறுபடி ஊற்ற வேண்டும்.

வடித்தெடுத்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. திறந்த வாளியில் ஒரு இரவுகூட வைக்கக் கூடாது. கிளைக்கால் தித்திக்கும், நாயும் பூனையும் நக்கும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாகி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் ஊசி ஊசியாகப் படியும். ஒரு பூனைக்குச் சில தேக்கரண்டியே போதும். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, கழிவு ஆயில் வாங்குமிடத்தில் இதையும் தனியாக வாங்குகிறார்களா என்று கேட்டுக் கொடுத்துவிட வேண்டும்.